படிக்கமும் பன்னீர் திராட்சையும்

இந்த முறை நான் எழுதப் போகிற விஷயத்தைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு என்ன வந்தது?" என்று சகோதரிகள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். பாதகமில்லை. முழுக்கப் படித்துவிட்டுச் சுளியுங்கள். போன இதழில் கூழ்வடகம் பிழியச் சொல்லிக் கொடுத்த அதே கை, இந்த இதழில் ஒயின் கிளாஸைப் பிடித்த கதையைச் சொல்லப் போகிறது.

குடி என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கூடப் பிறந்த தம்பி சிவகாசிப் பக்கம் வேலை பார்த்தான். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் அவன் சைக்கிளுக்கு வீட்டுக்கு வரும் பாதை மறந்துவிடும். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, 2016-ல் போய்விட்டான். அப்போது அவனுக்கு வயது 36. அவன் பெண்டாட்டி இன்றைக்கு காலண்டருக்குத் தகரம் அடிக்கிற வேலைக்குப் போய்த்தான் பையனைப் படிக்க வைக்கிறாள். எங்கள் அம்மா இன்னும் பாட்டில் என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டாள், "அந்தக் கண்ணாடி" என்பாள். இந்த வீட்டிலிருந்து போன நான்தான் ஒயின் ருசி பார்க்கப் போனேன்.

போனது நாசிக்கிற்கு. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அங்கே வேலை. பஞ்சவடியில் ராமகுண்டத்தில் ஸ்நானம் செய்து, திரியம்பகேஸ்வரரைத் தரிசித்து வரலாம் என்றுதான் நானும் என்னவரும் பிப்ரவரியில் ரயில் ஏறினோம். இரண்டும் நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் மாப்பிள்ளை மெதுவாக, "அத்தை, இங்கே ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டம். அறுவடை நேரம். ஒயின் எப்படிச் செய்றாங்கன்னு சுத்திக் காட்டுவாங்க. குடிக்கணும்னு கட்டாயமில்லை" என்றார். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவர், "நான் தோட்டத்தைப் பாக்குறேன், உள்ளே வரலை" என்று சொல்லிவிட்டார். அவர் விருதுநகரில் எண்ணெய், பருப்பு கமிஷன் கடை வைத்திருக்கிறவர். எங்கே போனாலும் சொட்டு நீர்க் குழாய் மீட்டர் என்ன விலை என்று கேட்கிற மனிதர்.

கங்காபூர் அணைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறது சுலா என்ற அந்தத் தோட்டம். ராஜீவ் சமந்த் என்பவர் அமெரிக்காவில் படித்து, அங்கே வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, குடும்பத்து நிலத்தில் ஒயின் திராட்சை பயிரிட்டு 1999-ல் ஆலையை ஆரம்பித்தாராம். தாயார் பெயர் சுலபா, அதைச் சுருக்கித்தான் சுலா. ஒயினுக்குத் தாயின் பெயரா என்று எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அவர்கள் ஊர் வழக்கம் வேறு. 2001-ல் மகாராஷ்டிர அரசு இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்து சலுகைகள் கொடுத்ததும் நாசிக் பக்கம் ஆலைகள் பெருகிவிட்டன. சுலாவிலே 2008 முதல் பாட்டும் கூத்துமாகத் திருவிழாவே நடத்த ஆரம்பித்தார்கள். நல்லவேளை, நாங்கள் போன அன்று திருவிழா இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும்தான்.

விளக்கம் சொன்ன பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஹிந்தியும் இங்கிலீஷுமாக அவள் பேசப் பேச மகள் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆள் உயரத்துக்கு மேலே பளபளவென்று எவர்சில்வர் தொட்டிகள், பிறகு ஒரு குளிர்ந்த இருட்டறையில் ஓக் மரப் பீப்பாய்கள். எனக்கு அங்கே புரிந்த விஷயம் இதுதான். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நம் இட்லி மாவில் நடக்கிற பொங்கலுக்கு இது ஒன்றுவிட்ட அக்கா முறை. வெள்ளை ஒயினுக்குத் தோலை முதலிலேயே நீக்கி, சாற்றை மட்டும் புளிக்க வைக்கிறார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள். நிறம் எல்லாம் தோலில்தான். சந்தேகம் என்றால் ஒரு கறுப்புத் திராட்சையை உரித்துப் பாருங்கள், உள்ளே வெளுத்துத்தான் இருக்கும். இத்தனை வருஷம் உரித்துக் குழந்தைகளுக்கு ஊட்டியிருக்கிறேன், இதை யோசித்ததில்லை. (சொல்ல மறந்துவிடுவேன்: 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திராட்சையை முழுசாகக் கொடுக்காதீர்கள். நீளவாக்கில் நாலாக நறுக்கி, விதை எடுத்துக் கொடுங்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.)

பிறகு ஒரு பெரிய மேஜை. ஆளுக்கு ஐந்து கிளாஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு. மேஜை நடுவில் ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள். எதற்கென்று கேட்டால், ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்காம்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் தாத்தா திண்ணையில் வெற்றிலை போட்டுத் துப்புகிற பித்தளைப் படிக்கம்தான் கண்முன் வந்தது. நாள் முழுக்க ருசி பார்க்கிற தொழில்காரர்கள் விழுங்கவே மாட்டார்களாம், விழுங்கினால் நாலாவது கிளாஸிலேயே நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடுமாம். அதைக் கேட்டதும்தான் எனக்குத் தைரியம் வந்தது. துப்பலாம் என்றால் சரி. தம்பியை நினைத்துக்கொண்டு, ஒரு சொட்டுகூட உள்ளே போகாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கிளாஸை எடுத்தேன்.

வெள்ளைத் துணி மேல் கிளாஸைச் சாய்த்து முதலில் நிறம் பார்க்க வேண்டும். அப்புறம் லேசாகச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும். பிறகுதான் வாய். வாயில் வைத்துக்கொண்டே கொஞ்சம் காற்றையும் உறிஞ்ச வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் எனக்கு என் மாமனார் ஞாபகம்தான் வந்தது. நல்லெண்ணெய் டின் வந்து இறங்கினால் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, தேய்த்துச் சூடேற்றி, முகர்ந்து, நுனி நாக்கில் வைத்து, "இது பழைய எள்ளுடா, மழையில நனைஞ்சது" என்பார். மல்லியைக் கசக்கி முகர்ந்தே எந்த ஊர் சரக்கு என்று சொல்லிவிடுவார். வத்தலை ஒடித்துக் காதில் சத்தம் கேட்பார். எங்கள் ஊர் கடைத்தெருவில் இப்படி எத்தனையோ பேர். நாசிக்கில் சூட்டு கோட்டு போட்டுச் செய்கிற காரியத்தை இவர்கள் துண்டு தோளோடு செய்தார்கள்.

முதல் கிளாஸ் சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை. முகர்ந்ததும் எனக்கு வந்த வாசனையை வெட்கப்படாமல் சொன்னேன்: "பச்சைக் கொய்யாக்காய்." மகள் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் கையைத் தட்டினாள். அந்த ஒயினுக்கு அவர்கள் சொல்கிற மணங்களில் கொய்யாவும் ஒன்றாம். அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. செனின் பிளாங்க்கில் பழுத்த அன்னாசி. ஷிராஸ் என்ற சிவப்பில் சந்தேகமே இல்லாமல் இடித்த மிளகு. கடைசியில் அறுவடையைத் தள்ளிப்போட்டுப் பழத்தை வதங்க விட்டுச் செய்த இனிப்பு ஒயின், அதில் தேன். சிவப்பு ஒயின் வாயில் பட்டதும் ஈறும் கன்னமும் சுருங்கிப் பிடிப்பதை என்னவென்று சொல்வது எனப் பக்கத்திலிருந்த வடநாட்டுப் பெண்கள் இங்கிலீஷில் தடுமாறினார்கள். நமக்கென்ன தடுமாற்றம்? அறுசுவையில் ஒன்றாக வைத்து 'துவர்ப்பு' என்று எப்போதோ பெயர் சூட்டியாகிவிட்டது. வாழைப்பூ, கடுக்காய், கொட்டைப்பாக்கு எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். தோலிலும் விதையிலும் இருந்து அது வருகிறது. வெள்ளை ஒயினைக் குளிரவைத்தும் சிவப்பை அவ்வளவு குளிர விடாமலும் தருகிறார்கள், அதிகம் குளிர்ந்தால் மணம் ஒடுங்கித் துவர்ப்பு தூக்கலாகிவிடுமாம். ஆறிப்போன ரசத்தை முகர்ந்தவர்களுக்கு இதில் பாதியாவது விளங்கும்.

ஐந்தையும் துப்பினேன். வெளியே வந்தபோது என்னவர் என் முகத்தைப் பார்த்தார். "வாயை ஊது" என்றார். ஊதினேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஊருக்கு வந்தும் இந்தப் பைத்தியம் விடவில்லை. மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் மணங்களை எழுத ஆரம்பித்தேன். ஒரு கல்யாணத்துக்குப் பெங்களூர் போனவள், அங்கே நடந்த ஒயின் திருவிழாவுக்குள்ளும் மகளோடு நுழைந்துவிட்டேன். நந்தி மலைப் பக்கம் 1988-லேயே கன்வல் குரோவர் என்பவர் பிரெஞ்சுத் திராட்சை வைத்து ஒயின் ஆலை ஆரம்பித்தவர், அவர்கள் கடையும் இருந்தது. ஆனால் அங்கே கூட்டமும் பாட்டும் அதிகம், துப்புகிற பாத்திரத்தைக் காணவே காணோம். இலவசமாகக் கிடைக்கிறதென்று காலேஜ் பையன்கள் மடக் மடக்கென்று விழுங்குவதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். ருசி பார்ப்பது வேறு, குடிப்பது வேறு என்று நான் ஜம்பமாகச் சொல்லித் திரிந்தேனே, இரண்டுக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு பாத்திரம்தான்.

எதிர்வீட்டு ஓய்வு பெற்ற தமிழ் டீச்சரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்தார். புறநானூற்றில் 56-ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பதைப் பாடியிருக்கிறாராம். புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது ரோமாபுரி ஜாடித் துண்டுகள் கிடைத்ததையும் சொன்னார். "பாண்டிய நாட்டுக்காரி நீ, உனக்கு மூக்கு இருக்காதா?" என்று கேலி வேறு.

நம்ம பக்கத்துத் திராட்சையையும் பார்த்துவிடுவோம் என்று தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் போய் வந்தோம். பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிற இனம், 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது வெளிநாட்டுப் பெயர். ஐரோப்பாவில் வருஷத்துக்கு ஒரு அறுவடைதான், இங்கே வருஷம் முழுக்கக் காய் கிடைக்கிறது. அந்தப் பழத்தில் உள்ள ரோஜா மணம் நாசிக்கின் ஐந்து கிளாஸிலும் எனக்குக் கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் சொந்த ஊர்ப் பாசம் என்பீர்கள். இருக்கட்டும்.

இங்கே இளம் தாய்மார்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. நான் ஒயின் பார்க்கப் போன செய்தி தெருவில் பரவியதும் என்னிடம் வந்த கேள்விகள் என்னைத் தூங்க விடவில்லை. "மாசமா இருக்கிறவ ஒயின் குடிச்சா பிள்ளை சிவப்பாப் பிறக்குமாமே?" "பிள்ளை பெத்த உடம்புக்குப் பிராந்தி கொடுத்தா வாயு இறங்குமாமே?" "சளிக்குக் குழந்தைக்கு ரெண்டு சொட்டு விடலாமா?" எதுவும் கூடாது தாயீ! நிறம் தாய் தகப்பன் வழியில் வருவது, பாட்டிலில் வருவதில்லை. கர்ப்பிணி குடிப்பது அப்படியே நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போய், மூளை வளர்ச்சியையே கெடுத்துவிடும். தாய்ப்பாலிலும் இறங்கும். பச்சைக் குழந்தைக்கு அந்த இரண்டு சொட்டே விஷம். ஒயின் மருந்து, பிராந்திதான் கெடுதல் என்பதும் பேச்சுக்குத்தான். ஒயினில் நூற்றுக்கு 12, 13 பங்கு சாராயச் சத்து, நம் ஊர்ப் பிராந்தியில் 42.8 பங்கு. கணக்குப் போட்டால் 150 மில்லி ஒயினும் 44 மில்லி பிராந்தியும் ஒன்றுதான். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் அதில் சேர்த்தி. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஜாடியில் போட்டு வைப்போமே என்று கேட்ட சகோதரிக்கும் ஒன்று: உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது நம் மாநில மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

பதிலுக்கு நான் செய்வது ஜூஸ்தான். ஒரு கிலோ பன்னீர் திராட்சையைக் காம்பு நீக்கி, உப்புத் தண்ணீரில் அலசி, அரை லிட்டர் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் வையுங்கள். தோல் வெடித்ததும், 10 நிமிஷத்துக்கு மேல் போகாமல் இறக்கி, மத்தால் லேசாக மசித்து (விதை நசுங்கினால் கசக்கும்), மெல்லிய துணியில் வடிகட்டி, 150 கிராம் சர்க்கரையும் அரை மூடி எலுமிச்சையும் சேருங்கள். குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். நுரை கட்டிப் புளித்த வாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் இதைத் தொட வேண்டாம்.

போன மாதம் தம்பி பெண்டாட்டி வந்திருந்தாள். நான் அடுப்படியில் இருந்த நேரம், அவள் பையனுக்கு ஏதோ கணக்கு எழுத மளிகை நோட்டைப் புரட்டியிருக்கிறாள். கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டாள். நாசிக் விஷயத்தை அவளிடமும் அம்மாவிடமும் மட்டும் நான் சொல்லவே இல்லை. தெருவுக்கே தெரிந்தது இவளுக்குத் தெரியாமல் இருக்கும் என்று நான் நினைத்தது என் மடமை.

"மதினி, உங்க தம்பியைத் தின்ன சனியனை நீங்க காசு கொடுத்து மோந்து பாத்துட்டு வந்தீகளா?"

எனக்கு வாய் எழவில்லை. துப்பிவிட்டேன் என்று சொல்ல வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சமாதானம் எவ்வளவு அற்பம் என்று தெரிந்து அடக்கிக்கொண்டேன். அவள் நோட்டை மூடி மேஜை மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கோபமில்லாத குரலில் பேசினாள்.

"இதுக்கு நாசிக் வரைக்கும் போகணுமா? பதினோரு வருஷம் நான் மோந்து பாத்திருக்கேன் மதினி. வாசல்ல சைக்கிள் ஸ்டாண்ட் போடுற சத்தத்துக்கு முன்னால வாடை வந்துரும். பிராந்தியா, ரம்மான்னு சொல்லிருவேன். எவ்வளவுன்னும் சொல்லிருவேன். அன்னைக்கு அடி விழுமா, விழாதான்னு அதை வச்சுத்தான் பிள்ளையைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வருவேன்."

அடுப்பில் ஜூஸ் இருந்தது. இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்ததில் அதை இறக்க மறந்துவிட்டேன். பிறகு வடிகட்டி, ஆற்றி, அவளுக்கும் பையனுக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தேன். பையன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். அவள் டம்ளரை மூக்குக்கு நேரே கொண்டுபோய், ஒரு நொடி அப்படியே வைத்திருந்து, பிறகு ஒரு வாய் குடித்தாள்.

"தோலை ரொம்ப நேரம் கொதிக்க விட்டுட்டீக மதினி. துவர்ப்பு ஏறிருச்சு."

உண்மைதான். ஏறித்தான் இருந்தது. எழுந்து போய் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை எடுத்து வந்து போட்டேன்.